மடியும் மாத்திரையும்

எழுபதுகளின் கடைசியில் டாலிகஞ்சில் குடியிருந்தோம். என் மகள் அப்போது சின்னப் பெண். கை கழுவ ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டாள். தோல் வெடித்து ரத்தம் கசிந்தாலும், அழுக்கு போகவில்லை என்று அழுவாள். மாடி வீட்டு மாமியோ, "இந்தக் கல்கத்தாவிலே இவ்வளவு மடியா ஒரு கொழந்தை!" என்று மெச்சுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மடியாம், மண்ணாங்கட்டி!

அது மனசின் நோய் என்றார் டாக்டர். முதலில் கொடுத்த மாத்திரைக்குக் கேட்கவில்லை. அதைக் குறைத்துக்கொண்டே வந்து, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். குழந்தைக்கு வாய் வறண்டது. பகலெல்லாம் தூங்கி வழிந்தாள். பயந்துபோய் நிறுத்திவிடக் கூடாது என்று அவர் சொல்லியிருந்ததால், பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்து வந்தேன்.

துர்கா பூஜைக்குத் துணி எடுக்க மாமியோடு கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போனோம். பானிபூரி மாதிரியான புச்கா விற்கும் வண்டிக்காரர் புளித்தண்ணீருக்குள் கையை விட்டு முக்கி எடுத்துத் தந்ததை, மகள் அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள். புறங்கையில் வழிந்ததை நக்கிவிட்டு, "காகு, ஆரேக்டா!" என்று இன்னொன்று கேட்டாள்.

மாமி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ, மடியெல்லாம் போச்சேடி!"

"ஆமாம் மாமி, போயே போச்சு!" என்று சொல்லி, நானும் ஒரு தொன்னையை வாங்கி வண்டிக்காரரிடம் நீட்டினேன்.