பட்டுப் பாவாடையில் பார்த்த ஆட்டங்கள்

பாஸ்கெட்பால் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது நாப்தலின் உருண்டையின் வாசனைதான். தகரப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்த அரக்குப் பட்டுப் பாவாடையின் மடிப்புகளில் ஒட்டியிருக்கும் அந்த வாசனை, போகப் போக மைதானத்துப் புழுதியோடும் பந்தின் தோல் வாசனையோடும் கலந்துவிடும். யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில், என் அக்கா ஜானகி தன் கல்லூரிக்காக ஆடிய ஆட்டங்களையெல்லாம் நான் பட்டு உடுத்திக்கொண்டே பார்த்தேன். கல்யாணத்துக்குக் கிளம்பிய குழந்தை வழி தவறி வந்துவிட்டதென்று மற்றப் பெண்கள் நினைத்திருப்பார்கள்.

காரணம் இருந்தது. மாதுங்காவில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. பின்பக்கம் ஒரு சின்ன பால்கனி, அதிலிருந்து துப்புரவுக்கு வருகிறவர்களுக்காகப் போட்ட சுழல் இரும்புப் படி. மாதத்தில் மூன்று நாள் அம்மாவோ அக்காவோ அந்தப் பால்கனியில்தான் இருப்பார்கள். "ஆத்துக்குத் தூரம்" என்று அதற்குப் பெயர். பாய், தட்டு, சொம்பு எல்லாம் தனி. பருத்தி உடுத்தியவர்கள் தொட்டால் தீட்டு, பட்டுக்கு அது கிடையாது என்பதால், அக்காவோடு ஒட்டிக்கொள்ள வேண்டுமானால் எனக்குப் பட்டுப் பாவாடை. அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஜானகி எங்கே என்று கேட்டு, "தூரம்" என்று பதில் வந்தால் அத்தோடு பேச்சு முடிந்தது.

அக்காவைக் கல்லூரியில் சேர்த்த அன்றே, படிப்பு மட்டும்தான், பந்து கிந்து கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். கல்யாணம் ஆக வேண்டிய பெண் ஊர் பார்க்கக் குதிப்பதாவது என்பது அவர் கட்சி. ஆனால் அக்கா மறந்துவிட்டுப் போன டிபன் டப்பாவைக் கொடுக்கப் போன அம்மா, புடவையைக் கச்சம் வைத்து இழுத்துக் கட்டிக்கொண்டு அவள் பந்தைத் தட்டியபடி ஓடுவதையும், இரண்டு பார்சிப் பெண்களுக்கு நடுவே புகுந்து எழும்பி வளையத்துக்குள் போடுவதையும் பார்த்துவிட்டாள். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் முடியும்வரை நின்றாளாம். வீட்டுக்கு வந்து மூச்சு விடவில்லை. சில நாள் கழித்து, சனிக்கிழமை மாட்ச் இருக்கிறது என்று அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அரிசி களைந்துகொண்டே அம்மா சொன்னாள்:

"தூரம்னா ஆத்துல இல்லேன்னுதானே அர்த்தம்? இல்லாதவ பால்கனில இருந்தா என்ன, மைதானத்துல இருந்தா என்ன?"

அன்றிலிருந்து மாட்ச் வரும்போதெல்லாம் அக்காவுக்குத் தூரமும் வந்தது. அம்மா அந்த ஒரு பொய்யோடு சரி, மற்றதில் துளியும் குறை வைக்க மாட்டாள். மாட்ச் ஒரு மாலைதான் என்றாலும் மூன்று நாளும் பால்கனியில் கிடந்து, நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் அக்கா உள்ளே வரலாம். அக்கா முனகியதே இல்லை.

அந்த இரும்புப் படியில் நாங்கள் சுற்றிச் சுற்றி இறங்கியது, கிங்ஸ் சர்க்கிளில் டிராம் பிடித்தது, அக்காவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு நான் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்தது எல்லாம் இப்போது நினைத்தால் ஒரே நீண்ட மாலையாகத்தான் தெரிகிறது. வீட்டில் குரல் உயர்த்தாதவள் அங்கே "இதர், இதர்" என்று கத்திப் பந்து கேட்பாள். அவள் கையை விட்ட பந்து வளையத்தைத் தொடும்வரை மேலேயே தங்கிவிட்டதுபோல் ஒரு கணம் இருக்கும், அதற்குள் எனக்குக் கண் சொருகிவிடும். விழித்தால் பெண்கள் அக்காவைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள்.

போட்டிகள் அடுத்தடுத்து வந்த ஒரு மாதத்தில் அக்கா அடிக்கடி பால்கனிக்குப் போக வேண்டியதாயிற்று. அப்பாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஒரு தகப்பன் வாய்விட்டுக் கேட்கக்கூடிய விஷயமா அது? ஒரு காலை சுவர்க் காலண்டரைப் பார்த்தபடியே அம்மாவிடம், குழந்தைக்கு ஏன் இப்படி அடிக்கடி வருகிறது, உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று கேட்டார். செம்பூரிலிருந்து வந்திருந்த ஜாதகத்தை இப்போதைக்குப் பார்க்க வேண்டாம், முதலில் உடம்பு தேறட்டும் என்றார். அம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். உண்மையைச் சொன்னால் ஆட்டம் போச்சு. சொல்லாவிட்டால் கல்யாணப் பேச்சும் தள்ளிப் போகிறது, ஆட்டமும் தப்பிக்கிறது.

அன்று மாலை அப்பா இரும்புச் சத்து டானிக் வாங்கி வந்தார். பி.ஏ. முடிக்கும்வரை அக்கா அதைத் தினமும் முகம் சுளிக்காமல் குடித்தாள். அந்த இடைவெளியில்தான் அவள் கேப்டன் ஆனாள், கல்லூரிக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தாள். அது வீட்டுக்கு வராமல் கல்லூரி அலமாரியிலேயே இருந்துவிட்டது.

பிறகு அந்தச் செம்பூர் ஜாதகமே பொருந்தியது. கல்யாணத்தன்று, பந்தியெல்லாம் முடிந்தபின், அப்பா அத்திம்பேரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"கொழந்தை கொஞ்சம் பலவீனம் மாப்ளே. கனமா எதையும் தூக்க விடாதீங்கோ, ஓட விடாதீங்கோ."

அத்திம்பேர் வாக்குக் கொடுத்தார். சில மாதத்தில் பழைய தோழி ஒருத்தி செம்பூருக்கே வந்து கிளப் அணியில் ஆட அக்காவைக் கூப்பிட்டபோது, மாமாவுக்குச் சொன்ன சொல்லை மீற மாட்டேன் என்று அவர் தன்மையாக மறுத்துவிட்டார். உண்மையைச் சொல்லிவிடேன் என்று நான் ஆத்திரப்பட்டேன். சொன்னால் அது அப்பா காதுக்குப் போகும், அப்புறம் அம்மாவின் முகத்தில் அவர் விழிப்பாரா என்று அக்கா கேட்டாள். அதன் பிறகு அவள் பந்தைத் தொடவில்லை. எனக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

மாதுங்கா வீட்டை இடித்து உயரமாகக் கட்டிவிட்டார்கள், சுழல் படியும் போயிற்று. மைதானத்தில் கார்கள் நிற்கின்றன. என் பேத்தி அந்த மூன்று நாட்களிலும் அடுப்படியில் நின்று காபி கலக்கிறாள், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அந்த டானிக்கின் பெயர்கூட எந்தக் கடையிலும் தெரியவில்லை.

போன வாரம் செம்பூருக்குப் போயிருந்தேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஒரு நாள், பால்கனி, டிராம், கோப்பை என்று ஒன்று விடாமல் அத்திம்பேரிடம் சொல்லிவிட்டதாக அக்கா சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டாராம். கேட்டுவிட்டுச் சிரித்தாராம்.

"உங்கப்பா பொய் சொல்ற மனுஷனா, ஜானு?"

நான் கிளம்பும்போது அக்கா என் பையை எடுத்துக் கொடுக்கக் குனிந்தாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்த அத்திம்பேர் அதற்குள் அதைத் தூக்கிக்கொண்டார்.