மூடாமல் எழுந்தவள்

எங்கள் அட்டுவம்பட்டி வீட்டில் முதல் இடி கேட்டதும் மாமியார் அறை அறையாகப் போய் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார். நான் மொழிபெயர்ப்பைப் பாதியில் விட்டு, கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போட்டுவிட்டு உலை வைக்கப் போயிருப்பேன். ஸ்லீப்புக்குக் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும். திரும்பி வந்தால் சேமிக்காத பக்கம் போயிருக்கும்.

“எந்திரிக்கும்போதே எல்லாத்தையும் மூடி ஆஃப் பண்ண வேண்டியதுதானே?” என்பார் கணவர்.

ஏன் மூட வேண்டும்? அவர் படிக்கிற பேப்பர் நாள் முழுக்க நாற்காலியில் விரித்தபடி கிடக்கிறது. அடுப்புக்கு எழுந்தவள் மட்டும் தன் வேலையைச் சுருட்டி வைக்க வேண்டுமா? ஹைபர்னேட்டுக்கு மாறினேன். திறந்திருப்பதையெல்லாம் டிஸ்க்கில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் அது அணையும். பிறகு கரண்ட் போனால் என்ன?

நேற்றும் இடித்தது. மாமியார் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒயரைத் தொட்டார்.

“நல்லாப் புடுங்குங்க அத்தை” என்றேன்.

மழை விட்டதும் பிளக்கைச் சொருகினேன். பாதி வாக்கியம் விட்ட இடத்திலேயே நின்றது. கணவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னும் மூடலையா?”

“மூட மாட்டேன். உங்க பேப்பரை மடிச்சு வச்சுட்டு வந்து கேளுங்க.”