அண்ணன் முகத்துக்கு ஒரு வேன் விலை

என் அண்ணன் பஸ் டிரைவர். ஊர் பஸ் இல்லை, ஒரு கிரிக்கெட் அணியின் பஸ். ஆட்டக்காரர்களையும் அவர்கள் பைகளையும், தோற்ற நாட்களில் அவர்களுடைய உர்ரென்ற முகங்களையும் ஏற்றி இறக்குவதுதான் வேலை. கிரிக்கெட்டில் அவருக்குத் தெரிந்த ஒரே விதி, மழை பெய்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பது. ஆள் பரம சாது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் கண்ணாடியில் பார்த்து "சாரி" சொல்லுவார். அந்தச் சாதுவான முகத்தில் மீசை மட்டும் கம்பீரமாக இருக்கும், யாரிடமோ இரவல் வாங்கி ஒட்டியதுபோல.

இந்த மனிதர் ஒரு வாரம் கேப்டனாக இருந்தார். அது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போய், அழுக்குத் தண்ணீர் பீறிட்டுச் சட்டை பாழாகிவிட்டது. ஆட்டக்காரர் ஒருவர் பாவம் பார்த்துத் தன் அணிச் சட்டையைக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு பஸ் படியில் உட்கார்ந்து அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போட்டோக்காரர் ஒருவர் வந்தார். சூயிங்கம் பாக்கெட்டுக்குள் ஆட்டக்காரர்களின் படம் போட்ட கார்டு வைப்பார்களே, அதற்குப் படம் எடுக்க வந்தவர். அவருக்கும் கிரிக்கெட்டுக்கும் ஏழாம் பொருத்தம். கேப்டன் எங்கே என்று கேட்டதற்கு யாரோ பஸ் பக்கம் கை காட்டிவிட்டார்கள். உண்மையான கேப்டன் பஸ்ஸுக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். படியில் மீசையோடு ஒருவர் இருந்தார். போட்டோக்காரர் எடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"நான் டிரைவர்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே?" என்று கேட்டேன்.

"சிரிங்கன்னாரு, சிரிச்சேன். வேற எதுவும் கேக்கலையே" என்றார்.

கார்டு கடைக்கு வந்தது. மேலே அண்ணன் முகம், கீழே கேப்டன் பெயர். கேப்டன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். கம்பெனிக்காரர்கள் அலறியடித்துக்கொண்டு பாக்கெட்டுகளைத் திரும்ப வாங்கி, ஒரே வாரத்தில் வேறு கார்டு அடித்துவிட்டார்கள். அணி மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டு, வெளியே மூச்சு விட்டால் வேலை போய்விடும் என்றார். அண்ணன் மூச்சு விடவில்லை. பாக்கெட்டுகள் திரும்பிப் போவதற்குள் அண்ணி ஒன்றை வாங்கி, கம்மை மென்றுவிட்டு, கார்டைத் துணி அலமாரியில் பத்திரப்படுத்திவிட்டார். கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் அண்ணன் கண்ணை மூடியிருப்பார். கண் திறந்திருக்கிற நல்ல படம் அவருக்கு அது ஒன்றுதான்.

வருடங்கள் ஓடின. கேப்டன் ஓய்வு பெற்றுத் தொப்பை வளர்த்துக்கொண்டார். அண்ணனும் ஓய்வு பெறும் வயதுக்கு வந்தார். சொந்தமாக ஒரு வேன் வாங்கி ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசை இருந்த அளவுக்குக் கையில் காசு இல்லை.

இந்த நேரத்தில்தான் ஊருக்குக் கார்டு பைத்தியம் பிடித்தது. என் வீட்டுக்காரர் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார். முன்பெல்லாம் பிள்ளைகள் கார்டு வாங்குவார்கள், மாற்றிக்கொள்வார்கள், சண்டை போடுவார்கள். இப்போது பெரியவர்கள் வந்து பாக்கெட்டைக் கடையிலேயே கிழித்து, விலைபோகிற கார்டு இல்லையென்றால் மொத்தத்தையும் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த பாக்கெட் கேட்கிறார்கள். ஒருவர் நகைக்கடைத் தராசோடு வந்து, பிரிக்காமலேயே ஒவ்வொரு பாக்கெட்டாக நிறுத்துப் பார்த்தார். மினுமினுக்கும் கார்டு இருந்தால் பாக்கெட் ஒரு இம்மி கனமாக இருக்குமாம். என் வீட்டுக்காரர் அவரைத் திட்டி அனுப்பவில்லை. மறுநாளே தானும் ஒரு தராசு வாங்கி, கனமானதையெல்லாம் தனக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தை விற்றார். நான் கட்டிக்கொண்ட உத்தமர் அவர்.

அவர்தான் ஒரு மத்தியானம் கடையைக்கூடப் பூட்டாமல் அண்ணன் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"மச்சான், உங்க மூஞ்சி ஒரு வேன் விலை போகுது."

விஷயம் இதுதான். தப்பாக அச்சான அந்தக் கார்டுக்குச் சேகரிக்கிறவர்கள் 'யாரோ கார்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த மீசைக்காரர் யார் என்று யாருக்கும் தெரியாது. கேப்டனோடு பிறந்து காணாமல்போன இரட்டைப்பிறவி என்று ஒரு கட்சி. மாறுவேடத்தில் வந்த ஒற்றன் என்று இன்னொரு கட்சி. ரகசியம் வளர வளர விலையும் வளர்ந்தது.

"யாருன்னு தெரியாத வரைக்கும்தான் இந்த விலை. டிரைவர்னு தெரிஞ்சா டிரைவர் விலைதான் கிடைக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். வாங்குகிற ஆளையும் அவரே பிடித்துவிட்டார். கமிஷனையும் அவரே முடிவு செய்துகொண்டார். அதோடு ஒரு நிபந்தனை, மீசையை எடுத்துவிட வேண்டும்.

அண்ணன் கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். "வித்ததுக்கு அப்புறம் அது நான்தான்னு சொல்லிக்கலாமா?"

"சொன்னா வாங்கினவர் காசைத் திருப்பிக் கேப்பாரு."

"அப்ப எப்பவுமே சொல்லக் கூடாதா?"

"வேன்ல உக்காந்து மனசுக்குள்ள சொல்லிக்குங்க மச்சான்."

மீசை போனது. மேலுதடு மட்டும் வெயில் படாமல் வெளுத்துக் கிடந்தது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

கார்டை வாங்க வந்தவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். அவர் உள்ளே வருவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் ஃபேனை அணைத்துவிட்டார், கார்டு பறந்துவிடுமாம். யாரும் தும்மக் கூடாது என்றும் உத்தரவு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க அவரே அண்ணனின் தாடையைச் சுற்றி மப்ளர் கட்டி, "பக்கத்து வீட்டுக்காரர், பல்வலி" என்று அறிமுகம் செய்துவைத்தார். அண்ணன் தன் வீட்டில், தன் நாற்காலியின் நுனியில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கையுறைக்காரர் லென்ஸை வைத்துக் கார்டை அணு அணுவாகப் பார்த்தார். "அடடா, நாலு மூலையும் அப்படியே இருக்கு. இந்தக் கண்ணைப் பாருங்க. இது ராஜ குடும்பத்துக் கண்ணு."

மப்ளருக்குள் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவர் யாரா வேணா இருக்கட்டும். ஒண்ணு மட்டும் நிச்சயம். சும்மா டிரைவர், கிளீனர் மூஞ்சி இல்ல இது."

என் வீட்டுக்காரர் இருமினார். பலிக்கவில்லை. அண்ணன் மப்ளரை அவிழ்த்துவிட்டார்.

"சார், அது நான்தான். அணி பஸ் ஓட்டுறேன்."

கையுறைக்காரர் அவரைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார், சிரித்தார். "இந்த மாதிரி சொல்றவங்களை நிறைய பாத்துட்டேங்க. போன மாசம் ஒரு பல் டாக்டர்கூடச் சொன்னாரு."

"மீசை இருந்துச்சு சார். நேத்துதான் எடுத்தேன்."

"அவங்களும் அதையேதான் சொன்னாங்க." அவர் பையிலிருந்து பணக் கவரை எடுத்து டீப்பாயில் வைத்தார். நல்ல தடிமனான கவர். அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடாமல் விட்டுப்போன பிள்ளை மாதிரி நின்றார்.

அண்ணி என் வீட்டுக்காரரிடம் நிதானமாகக் கேட்டார். "அண்ணே, இவர் யாருன்னு நீங்க சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் கவரைப் பார்த்தார். "அதான் சொன்னேனே. பக்கத்து வீட்டுக்காரர்."

வேறு எதையும் நான் மன்னித்திருப்பேன்.

அண்ணி எழுந்து வந்தார். பாத்திரம் தேய்த்த ஈரம் காயாத கையால் கார்டை எடுத்தார். பாதியாக மடித்தார். நகத்தால் மடிப்பை ஒரு இழு இழுத்தார். மறுபடி மடித்தார். கையுறைக்காரர் வாயிலிருந்து, கதவிடுக்கில் விரல் மாட்டியவர்போல ஒரு சத்தம் வந்தது. என் வீட்டுக்காரர் அப்படியே சோபாவில் சாய்ந்துவிட்டார்.

"இப்ப யாரும் வாங்க மாட்டீங்கல்ல? இது என் வீட்டுக்காரர் படம். என்கிட்டயே இருக்கட்டும்."

கையுறைக்காரர் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"அது நீங்கதான்" என்றார் அண்ணனிடம். "ஒரு வேனை இப்படி நாலா மடிக்க இன்னொருத்தர் பொண்டாட்டிக்கு மனசு வராது."

கவரை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வேன் போனது போனதுதான். அண்ணன் கார்டை விரித்துப் பார்த்தார். மடிப்பு சரியாக மூக்கின் மேல் விழுந்திருந்தது.

"சார், இனிமே இதுல பேனாவால எழுதலாமா?"

"தாராளமா எழுதலாம். இனிமே இதை என்ன வேணா பண்ணலாம்."

அண்ணன் கேப்டன் பெயரை ஒரே கோட்டில் அடித்தார். அதற்குக் கீழே தன் பெயரை, இனிஷியலோடு, டிரிப் ஷீட்டில் எழுதுகிற அதே கோணல் கையெழுத்தில் எழுதினார். அண்ணி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து எழுத்துகளைச் சரிபார்த்தார். பிறகு அண்ணன் கார்டைத் திருப்பினார். பின்பக்கத்தில் கேப்டன் எடுத்த ரன்கள், சதங்கள், பிடித்த கேட்சுகள் எல்லாம் வரிசையாக இருந்தன. பேனாவைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"இது இருந்துட்டுப் போகட்டும்" என்று மூடியைப் போட்டார்.