தைத்தவள் ஜோடி எடுக்கக் கூடாது

என் மேசையில் புழு பொறுக்கும் பிளாட்டினம் கம்பி ஒன்று இருக்கிறது. வழுக்காமலிருக்க அதன் கண்ணாடிப் பிடியில் ஆட்டுத் தோல் சுற்றித் தந்தவர் ஆபா; உருதுவில் அக்கா என்று அர்த்தம், எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். வேலூரில் நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது எங்கள் ஆய்வக உதவியாளர். அதற்குமுன் சொந்த ஊரான ஆம்பூரில், தைத்து வரும் ஜோடிகளில் குறை பார்க்கும் ஷூ கம்பெனி செக்கர்.

நூற்புழுவின் இனப்பெருக்கச் செல்களில், உட்கருவைச் சுற்றிச் சில புரதங்கள் எண்ணெய்த் துளிகளைப் போலத் திரண்டு நிற்கும். எந்த மரபணுவின் வாயை அடைப்பது என்று பார்த்துக்கொள்ளும் சிறு ஆர்.என்.ஏக்களுக்கு அந்தத் துளிகள்தான் வழிகாட்டுகின்றன. அதில் ஒரு புரதம் இல்லாவிட்டால் அவை தடம் மாறும், அந்தத் தவறு தலைமுறைதோறும் சேர்ந்து வம்சமே மலடாகும். இதை மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். புரதம் இல்லாத என் புழுக்களோ ஜம்மென்று முட்டையிட்டன. தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் என் பேராசிரியர்.

ஒருநாள் நான் அடுத்த தலைமுறைக்குப் புழுக்களைத் தட்டு மாற்றுவதை நுண்ணோக்கியின் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார் ஆபா.

"இன்னாம்மா, கொழுகொழுன்னு இருக்கறதையே எடுக்கறே?"

"நோஞ்சானை எடுத்தா செத்துடும் ஆபா."

"கம்பெனில, தெச்சவளையே செக்கிங்குக்கு ஜோடி எடுக்க உடமாட்டோம். பொய் சொல்வான்னு இல்ல. கை நல்லதுக்குதான் போவும்."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் உறைத்தது. தவறு சேர்ந்த புழுக்களை ஒதுக்கி, வம்சத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது நானேதான்.

பேராசிரியரிடம் கெஞ்சி அவகாசம் வாங்கினேன். ஆபா தட்டுகளுக்கு எண் போட்டு, எதில் புரதம் உள்ள புழு, எதில் இல்லாத புழு என்ற பட்டியலைத் தன் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டார். தட்டின் அடியில் மையால் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். தலைமுறைகள் போகப்போகச் சில தட்டுகளில் முட்டை குறைந்தது, பிறகு ஒன்றுமே இல்லை. ஆபா பட்டியலைப் பிரித்தார். காலியானவை எல்லாம் அந்தப் புரதம் இல்லாதவை. வம்சம் அற்றுப்போனதற்கு ஆனந்தத்தில் அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயரை முதலில் எழுதிக் காட்டினேன். "பேர் மட்டும் போட்டா யாருக்குத் தெரியும்? செக்கர்னு போடு" என்றார். போட்டேன். எனக்குக் கிடைத்த பட்டம் அவர் தந்தது, இதை எங்கும் சொல்வேன்.

இப்போது எனக்கென்று ஓர் ஆய்வகம் இருக்கிறது. அதே கம்பியால்தான் பொறுக்குகிறேன். தட்டுகளுக்கு எண் போடும் மாணவி பட்டியலைப் படமெடுத்து, ஓய்வில் இருக்கும் ஆபாவின் போனுக்கு அனுப்பிவிடுவாள். நேற்றும் அவசரப்பட்டு, எது எந்த வகை என்று கேட்க ஆம்பூருக்கு போன் செய்தேன்.

"மொதல்ல முட்டைய எண்ணி முடிச்சியா?" என்றார்.

போனை வைத்துவிட்டுக் கம்பியை எடுத்தேன்.