புல்லைக் கொன்றது தீ இல்லை

போன கோடையில் எங்கள் ஊர்க் குன்று எரிந்தது. அடிவாரத்தில் யாரோ கொட்டிய பேக்கிங் குப்பைக்கு வைத்த தீ, காற்றில் மேலேறிவிட்டது. எனக்கு அன்று கம்பெனியில் மதிய ஷிப்ட்; காலையில் வீட்டில்தான் இருந்தேன். நானும் பக்கத்து வீட்டு அக்காவும் வேப்பங்கொத்தால் அடித்தும் பயனில்லை. இடுப்புயரம் நின்ற ஊசிப்புல் மொத்தமும் கரிந்தது.

"என் மாடுங்களுக்கு இனிமே இன்னா போடுவேன்?" என்று அக்கா உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு மழைக்குப் பின் அவரே என்னை மேலே இழுத்துப்போனார். கரிக்கட்டை போலிருந்த தூர்களுக்குள் பச்சை முனைகள்.

"பாத்தியா, மேலதான் எரிஞ்சிகீது. அடியில உசுரு கீது. கொஞ்ச நாள் மாட்ட வுடாம இருந்தா போதும்."

சொன்னபடி மாடுகளைக் கொல்லையிலேயே கட்டிவைத்து வைக்கோல் போட்டார்.

அந்த மாதமே எங்கள் கம்பெனி குன்றைப் 'பசுமையாக்க' வந்தது. ஜேசிபி சரிவை வழித்தது. துளிர்த்த தூர்கள் வேரோடு குவிந்தன. எங்களை யூனிஃபார்மோடு நிற்கவைத்து ஆளுக்கொரு கன்று கொடுத்தார்கள். கன்றை வாங்கியபடியே கேட்டேன்.

"சார், புல்லு உயிரோட கீது. அத வழிச்சிட்டு செடி வெக்கிறீங்களே?"

"அது வெறும் புல்லும்மா. போட்டோ எடுக்கணும், செடிய புடி," என்றார் சூப்பர்வைசர்.

வெறும் புல்லாம்! நெருப்பே விட்டுவைத்ததை அழிக்க இவர்கள் யார்? கன்றைக் கீழே வைத்துவிட்டு வரிசையிலிருந்து விலகினேன். அதற்குள் அக்கா, பாறையோரத்தில் வழிக்காமல் மிஞ்சிய புல் மேல் போய் உட்கார்ந்திருந்தார்.

"எழுந்துரு அக்கா, எனக்கு வேலை போயிடும்," என்று ஜேசிபி ஓட்டுநர் கெஞ்சினார்.

"இதத் தவிர எல்லாத்தையும் வாரிட்டியே. சுத்திப் போ."

அவர் சுற்றித்தான் போனார்.

மறுவாரம் என்னை வேறு லைனுக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் வழித்த சரிவின் மண் கரைந்து எங்கள் தெருவுக்கு வந்தது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாத கன்றுகள் தையிலேயே காய்ந்தன. அந்த இடமெல்லாம் இப்போது மாடு வாய்வைக்காத பார்த்தீனியம். பாறையோரம் மட்டும் ஊசிப்புல் கதிர் விட்டது.

இந்த வருஷம் கம்பெனி மறுபடியும் கன்று நடப் போவதாகக் கேள்விப்பட்டு, நானும் அக்காவும் ஊராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தோம்.

"ஒண்ணுமே செய்யாதீங்கன்னு ஒரு மனுவாம்மா?" என்று எழுத்தர் சிரித்தார்.

"ஆமா சார். குப்பைக்குத் தீ வெக்காதீங்க, ஜேசிபி ஏத்தாதீங்க. மீதிய புல்லு பாத்துக்கும்," என்றேன். மனுவை வாங்கி முத்திரை குத்தும் வரை நாங்கள் நகரவில்லை.