குத்தூசி போடாமல் பிடித்த ஆஸ்பத்திரி

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று புதுவயலில் சொந்த அரிசி ஆலை வைத்திருக்கிறேன். போன வருடம் என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய் என்றதும், பளிங்குத் தரை போட்ட ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தேன்.

“நெல்லு மூட்டைன்னா குத்தூசி போட்டு உள்ள இருக்க நெல்ல அள்ளிப் பாக்குறீக. என்னைய மட்டும் தரையப் பாத்து ஒப்படைக்கிறீகளாக்கும்?” என்றாள்.

சுருக்கென்றது. டாக்டரிடம், “இந்த ஆபரேஷன் எத்தனை செய்வீக?” என்று கேட்டேன்.

“வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு,” என்றார்.

மதுரையில் வேறோர் ஆஸ்பத்திரியில், “வாரத்துக்கே மூணு நாலு,” என்றார்கள். அங்கே செய்தோம். கட்டியை மிச்சமில்லாமல் எடுத்துவிட்டார்கள். இப்போது ஆலைக்கே வந்து என்னை அதட்டுகிறாள்.

யார் ஆஸ்பத்திரி விசாரித்தாலும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கச் சொல்கிறேன். அது என் மூளையில் உதித்தது என்றுதான் ஊரில் சொல்லிவந்தேன். இதை அவள் படிப்பாள், அதனால் உண்மையை எழுதிவிட்டேன்.