விழுந்தவர் இசக்கிமுத்து

நான் சங்கரநாராயணன், மட்டாஞ்சேரி. கராத்தே நடுவர், சினிமா சண்டை ஒத்திகைகளில் அடிக்கும் கைக்கும் அடிபடும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சரிபார்ப்பவன். நேற்று இறந்தவர் யார் என்பதை ஐயமின்றிச் சொல்லவே இப்பதிவு.

நேற்றுப் பிற்பகல், படப்பிடிப்பில், பழைய மிளகுக் கிடங்கின் கூரையிலிருந்து கயிறு அறுந்து விழுந்தவர் நாயகன் அல்லர். அவருக்கு டூப் போட்ட இசக்கிமுத்து.

மண்டை கல்தரையில் மோதிய சத்தம் சாலை வரை கேட்டதாம். நாயகனைப் போலத் தெரிய அவர் அணிந்திருந்த விக் மட்டும் கழலவில்லை... அதனால் யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்து ஊரே நாயகனுக்காகப் பதறியது. டூப்தான் என்று தெரிந்ததும், "அப்பாடா" என்று நம் வாட்ஸ்அப் க்ரூப்பிலேயே சிலர் எழுதினீர்கள்.

முத்துவை நான் முதலில் பார்த்தது ஒரு காமெடி சண்டைப் படத்தில். உதை விலாவுக்கு நான்கு விரல் முன்னே நிற்க வேண்டும் என்பது விதி. அன்றைய புதுமுகம் நிறுத்தவில்லை. எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. யூனிட் சிரித்துக்கொண்டிருந்தது.

விழுந்தவர் தானே தரையை இருமுறை தட்டும் வரை யாரும் அருகில் போகக் கூடாது என்பது சண்டைக்காரர்களின் வழக்கம். அன்று முத்து தட்டினார்.

நேற்றும் காத்திருந்தார்களாம்...

இன்னொரு படம். மாடியிலிருந்து மீன் கூடைகள் மேல் குதித்தார். அடியில் மெத்தை விலகியிருந்தது. வாயெல்லாம் ரத்தம், மத்தி மீன்களுக்கு நடுவே அவருடைய இரண்டு பற்கள். விக் கழன்று ஓரமாய்க் கிடந்தது. உடனே மறுபடியும் குதிக்கச் சொன்னார்கள்.

உதடு வீங்கிச் சாயா குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் சொன்னார்: "பல்லு போனதுக்கில்ல சாரே. மூஞ்சி தெரிஞ்சு போச்சு, அதுக்குத்தான் ஒன்மோர்."

அவர் அடி வாங்கிய படங்களில் எதிலும் அவர் முகம் கிடையாது.

சண்டைக்காரர் இறந்தால், கடைசியாகப் போட்ட வேஷத்தை உடல்மேல் சாத்தி அனுப்புவது குழுவின் மரியாதை. சட்டை, பெல்ட், விக் எல்லாம் ஒரு பையில் தயார், வீட்டில் வைத்துச் சாத்துவதற்கு. அது முறைதான் என்று காலையில் நானும் சண்டை மாஸ்டரிடம் சொன்னேன்.

பிறகு முத்துவின் மனைவி செல்வி போன் செய்தார். அழவில்லை. "சட்டையப் போடுங்க சாரே, வேண்டாம்னு சொல்லல. அந்த முடி மட்டும் வேண்டாம். செத்த பிறகாவது அவரு மூஞ்சியோட போகட்டும்."

மாஸ்டரிடம் சொல்லிப் பார்த்தேன். விக் இல்லாமல் வேஷம் முழுமையாகாது, பசங்க மனசு கோணும் என்றார்.

உடல் ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பட்டுவிட்டது. கீழே இருப்பது முத்துவின் போட்டோ, செல்வி அனுப்பியது. பாருங்கள், இவர்தான்.

போய் வாருங்கள், முத்து.

வழக்கத்தை மீறிப் பழக்கமில்லாதவன் நான். இப்போது அவர் வீட்டுக்குப் போய் வாசலை மறித்து நிற்கப் போகிறேன். சட்டை உள்ளே போகும், விக் போகாது.